மீளத் தொடங்க மறுத்த கணனி



2004ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். கிழக்கு லண்டனில் எங்கள் வீட்டு மூலையில் இருந்த கணனி ஒரு புதுப் பழக்கம் பழகியது. ஓடிக்கொண்டிருக்கும்வரை குறையில்லை. நிறுத்தி மீளத் தொடக்கினால்தான் கரைச்சல். விண்டோஸ் எக்ஸ்பியின் சின்னம் வரும், நீலத்திரை ஒன்று கண்சிமிட்டும் நேரத்துக்குத் தோன்றி மறையும், பிறகு முதலிலிருந்து எல்லாம் தொடங்கும். நாலைந்து தரம் இப்படி விழுந்தெழும்பி ஒருவாறு வந்துவிட்டால் இரவுவரை ஒழுங்காக வேலை செய்யும்.

பழைய கணனிதானே, எறிந்துவிட்டு வேறொன்று வாங்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குள் அப்பா இருந்தார். மயிலிட்டியிலிருந்து 1990 யூன் மாதத்தில் நாங்கள் இடம்பெயர்ந்தோம். லண்டன் வந்த பிறகு, தன் கடைசி இரண்டு வருடங்களில், அப்பா எனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஊரை ஒழுங்கை ஒழுங்கையாகச் சொன்னார். எந்த வளவு யாருடையது, எந்தக் கிணறு நல்ல தண்ணீர், யாருக்கு எத்தனை வள்ளம், எந்தக் குடும்பம் எந்த நாட்டுக்குப் போனது என்று அவர் சொல்லச் சொல்ல நான் பாமினி எழுத்துருவில் தட்டினேன். அறுபத்திரண்டு பக்கங்கள். 2003இல் அப்பா போய்விட்டார். அந்தப் பக்கங்களுக்கு இருந்த ஒரேயொரு பிரதி அந்த வன்தட்டில்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து பார்த்தான். "வைரஸ்தான் அங்கிள். போர்மட் அடிச்சிட்டு விண்டோஸைத் திரும்பப் போடுவம்" என்றான். நானும் தலையாட்டத்தான் இருந்தேன்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலம் அப்படி. 2003 யூலை 16இல் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொவ்ற் வெளியிட்டது. பலர் அதைப் போடவில்லை. ஓகஸ்ட் 11இல் 'பிளாஸ்ரர்' என்ற புழு அதே ஓட்டையால் பரவத் தொடங்கியது. மின்னஞ்சல் எதையும் திறக்கத் தேவையில்லை. இணையத்தில் இணைந்திருந்தாலே போதும். 60 விநாடிகளில் கணனி நிறுத்தப்படும் என்ற அறிவித்தல் வரும், எண்ணிக்கை குறையும், கணனி தானாகவே மீளத் தொடங்கும். 2004 ஏப்ரல் முடிவில் 'சாசர்' என்ற இன்னொரு புழு அதே கூத்தை ஆடியது. அதன் பிறகு கணனி விழுந்தெழும்பினால் வைரஸ், வைரஸ் என்றால் போர்மட் என்பது வீட்டுக்கு வீடு வைத்தியமாகிவிட்டது.

மீளத் தொடக்குதல் என்பதே முதலில் வைத்தியமாக வந்த ஒன்றுதான். ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணனியை 1981 ஓகஸ்ட் 12இல் வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான டேவிட் பிராட்லி, வேலை நடுவே கணனி உறைந்துபோகும்போதெல்லாம் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போட வேண்டியிருந்ததைத் தவிர்க்க வழி தேடினார். கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அமுக்கினால் நீண்ட நினைவகப் பரிசோதனை இல்லாமலே கணனி மீளத் தொடங்கும்படி செய்தார். தவறுதலாக ஒரு கையால் அமுக்கிவிடக்கூடாது என்பதற்காகவே தள்ளித்தள்ளி இருந்த விசைகளைத் தேர்ந்தார். பொறியியலாளரின் வசதிக்கு வந்த குறுக்குவழி உலகத்துக்கே பழக்கமானது.

ஆனால் தொடங்கும் அந்தச் சில விநாடிகள்தான் கணனிக்குச் சோதனையான நேரம். எல்லா உறுப்புகளும் ஒன்றாக விழிக்கும், ஒன்றாக மின்சாரம் கேட்கும். படுத்திருக்கும்போது தெரியாத முழங்கால் வலி எழும்பும்போது தெரிவதுபோல, ஒளிந்திருந்த குறை அப்போது வெளியே வரும்.

போர்மட் அடிக்கவிடாமல் என்னைத் தடுத்தவர் ஓர் அண்ணை. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தில், றேடியோ திருத்தியவர். தொலைபேசியில் விசயத்தைச் சொன்னேன். "தம்பி, ஓடுற வண்டியிலயிருந்து முதல்ல சாமானை இறக்கு. எஞ்சினைப் பிறகு பாப்பம்" என்றார்.

அன்று காலை ஐந்தாம் தரம் முயன்றபோது கணனி வந்தது. வேறு எதையும் தொடாமல் அப்பாவின் கோப்புகளை மூன்று இறுவட்டுகளில் பதிந்தோம். ஒன்று எனக்கு, ஒன்று ரொறன்ரோவில் தங்கைக்கு, ஒன்று அண்ணையிடம்.

அதன் பிறகுதான் குறையைத் தேடினோம். பிழை வந்தால் தானாகவே மீளத் தொடங்கும்படி எக்ஸ்பி அமைக்கப்பட்டிருந்ததால் நீலத்திரையை வாசிக்க நேரம் கிடைக்கவில்லை. கணனியின் பண்புகளுக்குள் சென்று அந்த அமைப்பை நீக்கியதும் நீலத்திரை அப்படியே நின்றது. பிழை எண்ணைக் குறித்துக்கொண்டோம். அடுத்த தரம் வேறு எண். அதற்கடுத்த தரம் இன்னொன்று. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். எண்கள் மாறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் நினைவகம், மின்வழங்கி, தாய்ப்பலகை ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். முதல் இரண்டையும் மாற்றிப் பார்த்தோம். பலன் இல்லை.

பெட்டியைத் திறந்து விளக்கைப் பிடித்த அண்ணை சிரித்தார். தாய்ப்பலகையில் சிறு தகர டப்பாக்கள்போல நிற்பவற்றில் ஏழு, தலை வீங்கி நின்றன. இரண்டில் மண்ணிறக் கசிவு. பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் பாடத்தில் 'கொள்ளளவி' என்று நாம் படித்தது இதைத்தான். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பித் தோட்டத்துக்குச் சீராக விடுவதுபோல, ஏறி இறங்கி வரும் மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுப்பது அதன் வேலை.

ஏறக்குறைய 1999இலிருந்து அடுத்த சில வருடங்கள் உலகெங்கும் குறையுள்ள கொள்ளளவிகள் கோடிக்கணக்கான கருவிகளுக்குள் புகுந்தன. அவற்றுக்குள் இருந்த திரவம் சரியான கலவையாக இல்லாததால் அலுமினியத்தைத் தாக்கி ஐதரசன் வாயுவை உண்டாக்கியது. வாயு அழுத்த, தலை வீங்கி வெடித்தது. ஒரு நிறுவனத்தின் கலவைச் சூத்திரம் அரைகுறையாகத் திருடப்பட்டதே காரணம் என்று அப்போது ஒரு கதை அச்சேறியது. அது நிரூபிக்கப்படவில்லை. இழப்பு மட்டும் உண்மை. டெல் நிறுவனம் 2005இல் இத்தகைய பழுதுகளுக்காக 300 மில்லியன் டொலர் செலவுக் கணக்கு எழுதியது.

எங்கள் கணனியின் புதிரும் அதோடு அவிழ்ந்தது. வற்றிய தொட்டி, குளிர்காலக் காலையில் தொடக்கச் சுமையைத் தாங்கவில்லை. நாலைந்து தரம் முயல்வதற்குள் சூடேறி ஓரளவு வேலை செய்தது. அண்ணை ஏழையும் கழற்றிப் புதியவற்றை ஒட்டினார். செலவு சில பவுண்கள். கணனி 2009வரை ஓடியது. போர்மட் அடித்திருந்தால் அப்பாவும் போயிருப்பார், கணனியும் திருந்தியிருக்காது.

ஐபிஎம் கணனி வெளிவந்த அதே 1981இல், யூன் மாதம் பிறந்த அந்த இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அச்சு நூல்களைத் திரும்ப வாங்கலாம். ஒரேயொரு பிரதியாக இருந்த ஏடுகளை எங்கே வாங்குவது? அதைப் பார்த்த சனம் நாங்கள். அப்படியிருந்தும் அறுபத்திரண்டு பக்கத்தை ஒரே இடத்தில் வைத்திருந்தேன்.

இன்றைய கணனிகளில் திடநிலைக் கொள்ளளவிகள் வந்துவிட்டன. ஆபத்து வேறு கதவால் வருகிறது. 2024 யூலை 19இல் கிரவுட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஓர் இற்றைப்படுத்தலால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் நீலத்திரையில் விழுந்தன. பல மீளத் தொடங்கி மீண்டும் விழுந்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின.

2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றிய ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டன. அப்பாவின் பக்கங்களை யூனிக்கோட்டுக்கு மாற்றி அச்சடித்து, தங்கையின் மகன் கொண்டுபோனான். வீடுகள் இல்லை. ஒழுங்கைகளைப் பற்றை மூடியிருந்தது. கிணறுகள் இருந்தன. எந்தக் கிணறு யாருடையது என்று தாளைப் பார்த்து அவன் வாசிக்க, வந்திருந்த கிழவர்கள் தங்கள் வளவுகளின் எல்லையைக் காலால் அளந்தார்களாம்.

நேயர்களே, உங்கள் அம்மாவின் குரல் இன்று ஒரேயொரு கைத்தொலைபேசியில் இருக்கக்கூடும். அது நாளை காலையும் தொடங்கும் என்று நம்பிப் படுக்காதீர்கள். இன்றிரவே இன்னொரு பிரதி எடுத்து இன்னொரு வீட்டில் வையுங்கள்.