மெய்நிகர்ப் பொறியும் வீட்டுச் சேமிப்புக் கணனியும் : ஒரு வரலாற்று நோக்கு

குடும்பத்தின் ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் காப்பதற்கென வீட்டின் ஒரு மூலையில் அமர்த்தப்படும் சேமிப்புக் கணனி, இற்றைநாளில் தன்னுள்ளே வேறு சில கணனிகளையும் இயக்குகின்றது. மென்பொருளால் மட்டுமே அமைந்த இவற்றை மெய்நிகர்ப் பொறிகள் என்பர். இவற்றை அண்மைக்காலப் புதுமையெனக் கொள்வோர் பலர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

மெய்நிகர்ப் பொறி பிறந்தது அமெரிக்காவின் கேம்பிறிட்ஜ் நகரிலாகும். ஒரு கணனியைப் பலர் ஏககாலத்திற் பயன்படுத்தும் முறையை அங்குள்ள மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் 1961இலேயே செய்துகாட்டியிருந்தது. ஆயின், 1964இல் அந்நிறுவனம் தன் அடுத்த பெருந்திட்டத்துக்கு ஐ.பி.எம். பொறியை விடுத்து ஜெனரல் எலெக்றிக் பொறியைத் தெரிந்தது. அவ்வாண்டு அந்நகரில் ஐ.பி.எம். நிறுவிய ஆய்வுநிலையத்திற் பணியாற்றிய றொபேட் கிறீசியும் லெஸ் கோமோவும் மாற்றுவழியொன்றை வகுத்தனர். பலருக்கும் பொதுவான பெரும் பணிசெயல் முறைமை ஒன்றை எழுதாது, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணனியே தனித்துரியது போன்ற தோற்றத்தை அளிப்பதே அவ்வழி. 1967 ஜனவரியிற் பயன்பாட்டுக்கு வந்த சி.பி.-40 என்னும் அம்முறைமை, 256 கிலோபைற்று நினைவகம் கொண்ட 14 பொறிகளை ஒரே பொறியினுள் இயக்கியது. ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது வட்டுப் பங்கீடாகும். விலைமிக்க வட்டு சிறுவட்டுக்களாக வகுக்கப்பட்டு ஒவ்வொரு பொறிக்கும் ஒதுக்கப்பட்டது. எனவே சேமிப்பும் மெய்நிகர்ப் பொறியும் தொடக்கத்திலிருந்தே பிரிக்கமுடியாதனவாயிருந்தன.

1972இல் ஐ.பி.எம். இதனை வி.எம்./370 எனச் சந்தைக்கு அறிவித்தது. இரண்டாண்டுகளின் பின் பொப்பெக், கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் இதன் இலக்கணத்தை வரையறுத்தனர். பொறியின் நிலையைத் தொடும் கட்டளை எதுவாயினும் அது மேற்பார்வை மென்பொருளிடம் அகப்படவேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் எழுந்த இன்ரெல் நுண்செயலிகள் இவ்விலக்கணத்துக்கு அமையவில்லை; அவற்றின் சில கட்டளைகள் அகப்படாது, வாளா புறக்கணிக்கப்பட்டன. ஆளுக்கொரு கணனி மலிவாய்க் கிடைத்த காலத்தில் இக்குறை எவரையும் பெரிதும் உறுத்தவுமில்லை. 1999இல் வி.எம்.வெயார் நிறுவனம் அக்கட்டளைகளை ஓடும்போதே மாற்றியெழுதி இக்குறையைக் கடந்தது. 2005இல் இன்ரெலும் 2006இல் ஏ.எம்.டி.யும் வன்பொருளிலேயே பரிகாரம் செய்தன. பெருநிறுவனங்களின் உடைமையாயிருந்தது வீட்டுக்கு வந்தது இவ்வாறே.

சேமிப்புக் கணனிக்கான பிறீநாஸ் என்னும் முறைமை 2005இல் தோன்றியது. அதற்கு அடித்தளமான பிறீ.பி.எஸ்.டி. 2014இல் பீஹைவ் என்னும் மேற்பார்வை மென்பொருளைப் பெற்றது. 2017இல் பிறீநாஸ் பதினோராம் பதிப்பு அதனைப் பயனாளர் கைக்கெட்டச் செய்தது. பழைய பூசல் மீண்டும் எழுந்ததும் இங்கேதான். செட்.எப்.எஸ். என்னும் கோப்பு முறைமை எஞ்சிய நினைவகத்தையெல்லாம் வாசிப்பை விரைவுபடுத்தக் கவர்ந்துகொள்ளும். விருந்தாய் வந்த பொறிகளும் அதே நினைவகத்தையே நாடும். அவற்றின் சிறுசிறு எழுத்துக்கள் சுழல்வட்டுக்களை அலைக்கழிக்கும். ஒவ்வோர் எழுத்தும் வட்டிற் பதிந்தபின்னரே அடுத்தது எனப் பொறி வற்புறுத்துமிடத்து வேகம் மேலும் குன்றும். இவை பொறுக்கத்தக்கன. பொறுக்கவியலாதது வேறொன்று. சி.பி.-40 பயனாளர் ஒருவரை மற்றவரிடமிருந்து காத்தது; வட்டின் அழிவிலிருந்து எவரையும் காக்கவில்லை. வீட்டுக் கணனியிலும் அதுவே நிலை. பொறியின் கணநேர நிலைப்பதிவைக் காப்புப்பிரதியெனப் பலர் நம்பியிருக்கின்றனர். அப்பதிவு தங்கியிருப்பதோ குடும்பப் படங்கள் தங்கியிருக்கும் அதே வட்டுக்களில்.