பொக்கிள்கொடியும் எல்லைக்கோடும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. என் பாட்டியின் பிறந்தகம் களியக்காவிளை, புகுந்தகம் பாறசாலை. இரண்டுக்கும் நடுவில் எல்லை விழுந்தது. தொப்புள்கொடி என்றாலும் பொக்கிள்கொடி என்றாலும் அவருக்கு ஒன்றுதான்.

அந்தக் கொடியில்தான் அவரது ஆறாத துயரமும் இருந்தது. "மூத்த பிள்ளை நல்லாத்தான் பால் குடிச்சது மக்கா. ஏழாம் நாளு வாய் இறுகிப் போச்சு, பெறவு தொறக்கல்ல" என்பார். கண்ணேறு என்றே கடைசிவரை நம்பினார். கொடி அறுத்தது வீட்டுக் கத்தி. மேலே வைத்தது அடுப்புச் சாம்பல். மண்ணிலும் சாணத்திலும் வாழும் ரணஜன்னிக் கிருமி அந்தப் புண் வழியே புகுந்திருக்க வேண்டும் என்று இன்று அறிகிறோம்.

மாற்றம் எப்படி வந்தது? 1916-இல் திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பணியேற்ற டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், பரம்பரை மருத்துவச்சிகளைப் பகைக்கவில்லை. அவர்களது பிள்ளைகளையே பேறுகாலப் பயிற்சியில் சேர்த்தார். 1930-களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு நெய்யாற்றின்கரையில் சுகாதார மையமும் இயங்கியது.

என் அம்மா பிறந்தபோது வந்தவள், பயிற்சி பெற்ற மருத்துவச்சி மகள். கத்தியையும் நூலையும் கொதிநீரில் இட்டாளாம்; சாம்பலைத் தொடவிடவில்லையாம். "மருந்தில்லாம சும்மா விட்டா ஆறுமா?" என்று பாட்டி சண்டை போட்டாராம். ஆறியது!

பின்னர் 1985-இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு ரணஜன்னி ஊசி பரவலாகக் கிடைத்தது. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியதை 2015-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

வெளியூரில் வாழும் நம் வீடுகளுக்கும் பேறுகாலத்தில் ஊரிலிருந்து பாட்டிமார் எண்ணெயும் மஞ்சளுமாக வருவார்கள். அவர்களைக் கடிந்து பேச வேண்டாம். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள், கொடியில் எதுவும் பூசாமல் உலர விடுங்கள், அணையாடையை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள், இழுக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் தானே விழும். சுற்றிச் சிவந்தாலோ, சீழோ நாற்றமோ கண்டாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

என் பாட்டிக்குப் பாசத்தில் குறைவில்லை. சொல்லித்தர ஒருத்தி ஏழு நாள் முன்னால் வந்திருந்தால், எனக்கு ஒரு பெரியம்மா இருந்திருப்பார்.