பட்சமும் பட்சபாதமும்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழகம் சென்ற பழைய கடிதங்கள் பல, ‘மிகவும் பட்சமுள்ள’ என்று தொடங்கின. எழுதப் படிக்கத் தெரியாத தாயின் பொருட்டுத் தோட்டப்பள்ளி ஆசிரியரோ கிராணியோ எழுதிக்கொடுத்த மடலிலும் அச்சொல் இருந்தது. அங்கே பட்சம் என்பது அன்பு. அதே தோட்டத்தின் பெரட்டுக்களத்தில், நல்ல பால்மரங்கள் உள்ள நிரையைத் தம் உறவினருக்கே ஒதுக்கும் கங்காணியின் செயலை மக்கள் ‘ஓரவஞ்சனை’ என்றனர். படித்தவர் அதனைப் ‘பட்சபாதம்’ என்றனர். அன்பும் அநீதியும் ஒரே சொல்லில் எவ்வாறு குடியேறின?

பட்சம் வடசொல். சிறகு, பக்கம், சார்பு, திங்களின் ஒரு பாதி எனப் பல பொருள்கள் அதற்குண்டு. சிறகுடையது பட்சி, வளர்பிறை சுக்கிலபட்சம். ‘பட்சபாதம்’ என்பதில் வரும் பாதம் காலடியன்று. ‘வீழ்தல்’ என்னும் பொருளது. ஆகவே ஒரு பக்கமாய்ச் சாய்தலே அச்சொல்லின் பொருள். மாணவர் இவ்விடத்தில் தடுமாறுவது இயல்பே. தமிழெழுத்தில் இரு சொற்களும் ஒன்றாகவே தோன்றுகின்றன.

இவ்விரட்டைப் பொருள் வடசொல்லுக்கு மட்டும் உரியதன்று. ‘வாரம்’ என்னும் சொல்லும் அன்பையும் ஒருதலைச் சார்பையும் குறிக்கும். நம் அண்டை மொழியாகிய மலாயில் ஒருதலைச் சார்பு ‘பெராட் செபெலா’, அதாவது ஒரு பக்கம் கனத்தல். வள்ளுவரும் நடுவுநிலைமையைத் துலாக்கோல் கொண்டே விளக்கினார்.

அவ்வள்ளுவரே செங்கோன்மை அதிகாரத்தில், கண்ணோடாது ஆராய்ந்து முறைசெய்க என்றார். மூன்று அதிகாரம் தள்ளிக் கண்ணோட்டத்தையே பேரழகு எனப் போற்றினார். முரண்போல் தோன்றும் இதற்கு விடையும் அவ்வதிகாரத்திலேயே உண்டு: கடமை சிதையாதவாறு கண்ணோட வேண்டும். அன்பு குற்றமன்று, பிறர்க்குரிய நிரையை அது பறிக்கும்போதே குற்றமாகிறது. பின்தங்கிய மாணவனிடம் கூடுதல் நேரம் செலவிடும் ஆசிரியர் பட்சமுடையவர். அவனுக்கு உரியதல்லாத மதிப்பெண்ணை வழங்குபவர் பட்சபாதமுடையவர்.

இன்று பட்சம் பெரும்பாலும் ‘குறைந்தபட்சம்’, ‘வரும் பட்சத்தில்’ ஆகிய வழக்குகளில் ஒடுங்கிவிட்டது. அன்பென்னும் பொருள் மறைய, சாய்வென்னும் பொருளே எஞ்சி நிற்கிறது. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் வீட்டுப் பேழைகளில் உறங்கும் கடிதங்களை மாணவர் ஆசிரியர் துணையுடன் படித்துப் படியெடுத்து வைத்தல் வேண்டும். இல்லையேல், பாட்டி அன்போடு எழுதுவித்த முதற்சொல்லின் பொருளே பேரப்பிள்ளைக்கு விளங்காமற் போகும்.