செப்ரைட் குறுங்கோழி: அழகுத் தேர்வும் அதன் விலையும்

முன்னுரை

வீட்டு விலங்குகளின் வரலாறு பெரும்பாலும் பயன்பாட்டின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. முட்டைக்கோ இறைச்சிக்கோ அன்றி அழகுக்கெனவே உருவாக்கப்பெற்ற இனங்கள் அதில் சிறிய இடத்தையே பெறுகின்றன. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான செப்ரைட் குறுங்கோழி (பேண்டம்) அத்தகையது. அழகை நோக்கிய தேர்வு உயிரினத்தின் இனப்பெருக்க ஆற்றலைப் பாதிப்பதற்கு இவ்வினம் சான்றாவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இனத்தின் இயல்புகள்

இவ்வினத்தை உருவாக்கியவர் சர் ஜான் செப்ரைட் (1767–1846). இவர் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். சேவலின் எடை ஏறத்தாழ 600 கிராம் மட்டுமே. இவ்வினத்திற்குப் பெரிய உருவ வகை கிடையாது. பொன், வெள்ளி என இரு நிற வகைகள் உண்டு. ஒவ்வோர் இறகின் விளிம்பையும் மெல்லிய கருங்கோடு சூழ்ந்திருக்கும். பொதுவாகச் சேவலுக்குரிய அரிவாள் போன்ற வால் இறகுகளும் கூரிய கழுத்திறகுகளும் இவ்வினச் சேவலுக்கு இல்லை. அதன் இறகமைப்பு பெட்டையின் இறகமைப்பை ஒத்தது. பெட்டைகள் இடும் முட்டைகள் சிறியவை, எண்ணிக்கையிலும் குறைந்தவை.

உருவாக்கியவரின் எச்சரிக்கை

விலங்கினங்களை மேம்படுத்தும் கலை குறித்து 1809இல் சர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் செப்ரைட் ஒரு முக்கியக் கருத்தை முன்வைத்தார். நெருங்கிய உறவுடைய விலங்குகளையே தொடர்ந்து இணைசேர்த்தால் வழித்தோன்றல்கள் நலிவடையும் என்றார். நாய், கோழி, புறா ஆகியவற்றில் தாமே செய்த சோதனைகளைச் சான்றாகக் காட்டினார். எனினும், இறகின் கோட்டைப் பிசகாமல் நிலைநிறுத்த அவரது இனத்திலேயே நெருங்கிய உறவுக் கலப்பு கையாளப்பட்டது. இவ்வினத்தின் வழிவந்த வெள்ளிக் குறுங்கோழிகள் ஏறக்குறைய மலடாகிவிட்டதைத் தாம் கண்டதாக டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்துள்ளார். எச்சரித்தவரின் படைப்பே எச்சரிக்கைக்குச் சான்றானது.

அழகிலிருந்து அறிவியலுக்கு

20ஆம் நூற்றாண்டில் மரபியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் செப்ரைட் சேவல்களின் விதைகளை அகற்றி ஆராய்ந்தார். அதன்பின் முளைத்த இறகுகள் சேவலுக்குரிய வடிவத்தைப் பெற்றன. விதைகளின் சுரப்பே பெட்டை இறகமைப்புக்கு ஏதுவாகிறது என்பது இதனால் புலப்பட்டது. ஆண் சுரப்பியக்குநீரான டெஸ்டோஸ்டீரோனைத் தோலிலுள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி பெண் சுரப்பியக்குநீராக மாற்றுவதே இதற்குக் காரணம் என்பதைப் பிற்கால உயிர்வேதியியல் ஆய்வுகள் நிறுவின.

முடிவுரை

வளர்ப்பாளர் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இறகமைப்பு, உடலியக்கத்தில் நிகழ்ந்த ஆழ்ந்த மாற்றத்தின் புறக்குறியாகும். அவ்வழகைத் தூய்மையாகப் பேணக் கையாண்ட முறையோ இனத்தின் பெருகும் ஆற்றலைக் குறைத்தது. ஆகவே, அரிய அலங்கார இனங்களைப் பாதுகாக்க முனைவோர் தோற்ற இலக்கணத்தை மட்டுமன்றி, குஞ்சு பொரிக்கும் அளவையும் தூய்மையின் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.