தெய்விகமும் இராசிகமும்: 1977 திவிசீமைப் புயலும் பொறுப்பைக் குறிக்கும் சொற்களும்

பாகாலாவை அடுத்த குன்றுகளில் தோன்றிச் சந்திரகிரி, திருப்பதி, காளத்தி வழியே ஓடி வங்கக் கடலில் கலக்கும் ஆறு சுவர்ணமுகி. பொன்முகலி என்று தமிழ்ப் புலவர்கள் பாடிய ஆறு இதுவே. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் கிடக்கும் இந்த ஆறு, 2021ஆம் ஆண்டு நவம்பர் மூன்றாம் வாரத்தில், வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கொணர்ந்த மழையால் கரைபுரண்டது. திருப்பதி நகரின் தெருக்கள் நீரில் மூழ்கின. ராயலசெருவு ஏரி உடைப்பெடுக்கக்கூடும் என்ற அச்சத்தால் அதன் கீழுள்ள ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். வடக்கே ராஜம்பேட்டையை அடுத்துச் செய்யேற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்த அன்னமய்யா அணை, நவம்பர் 19ஆம் நாள் விடியலில் உடைந்து, ஆற்றங்கரை ஊர்களில் பல உயிர்களைக் கொண்டு சென்றது.

அதே மாநிலத்தில், அதே நாளில், 44 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அழிவு இதனினும் பன்மடங்கு பெரிது. 1977 நவம்பர் 19 அன்று கிருஷ்ணா ஆற்றின் கழிமுகத்தில் திவிசீமையைத் தாக்கிய புயலில் இறந்தோர் அரசுக் கணக்கின்படியே ஏறத்தாழ 10,000 பேர். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் எழுந்த கேள்வி ஒன்றே. நேர்ந்த அழிவில் வானமும் கடலும் செய்தது எவ்வளவு, ஆள்வோர் செய்ததும் செய்யத் தவறியதும் எவ்வளவு? அரசியல் வரலாற்றுக்குரிய இக்கேள்வி மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியதே என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

இவ்வேறுபாட்டைக் குறிக்கப் பழைய தமிழ் ஆவண நடையில் ஓர் இணைச்சொல் வழங்கிவந்தது. குத்தகை, அடமானம் முதலிய பத்திரங்களில் எதிர்பாராத நட்டத்தைக் குறிக்குமிடத்துத் தெய்விகம், இராசிகம் என்ற இரண்டும் சேர்ந்து வரும். மழை பொய்த்தல், வெள்ளம், தீ முதலியவற்றால் வருவது தெய்விகம். அரசனாலும் அரசு செயல்களாலும் வருவது இராசிகம். வடமொழி வழி வந்த இச்சொற்களுக்கு நிகராக மராத்தியில் ஆஸ்மானி, சுல்தானி என்ற பாரசீக, அரபு வழிச் சொற்கள் இன்றளவும் வழக்கில் உள்ளன. வானத்தால் வருவது ஒன்று, சுல்தானால் வருவது மற்றொன்று. பயிரிழந்த குடியானவனின் நோக்கில் இரண்டும் துன்பமே எனினும், யாரிடம் முறையிடுவது என்பது இப்பகுப்பைப் பொறுத்தே அமைந்தது.

பகுப்பு இருந்ததாலேயே தெய்விகத்தில் அரசனுக்குப் பொறுப்பில்லை என்று முன்னோர் கொண்டதாகக் கருதுதல் தவறு. வெள்ளத்தைத் தெய்வத்தால் வரும் அச்சங்களுள் ஒன்றாக எண்ணும் அர்த்தசாத்திரம், அதே இடத்தில், மழைக்காலத்தில் ஆற்றோர ஊரினர் வெள்ளம் எட்டாத இடத்தில் தங்கவும் மூங்கில், பலகை, தோணி முதலியவற்றைச் சேர்த்து வைக்கவும் விதிக்கிறது. மிதவை வைத்திருந்தும் நீரில் அடித்துச் செல்லப்படுவோரைக் காக்க முற்படாதவனுக்கு 12 பணம் தண்டம். மிதவை இல்லாதவனுக்குத் தண்டம் இல்லை. வெள்ளம் தெய்விகமே, தோணி இருந்தும் செல்லாமை தெய்விகம் அன்று என்பதே இவ்விதியின் உட்கிடை. தமிழ் மரபு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார், மழை பொய்த்தாலும் விளைவு குறைந்தாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்று சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனுக்கு உணர்த்துகிறார். நாகனார் அப்பாட்டைப் பாடித் தம் நிலத்தின் பழைய வரிநிலுவை நீங்கப் பெற்றார் என்று கொளு கூறுகிறது. பேரிடர் நிவாரணம் என்று இன்று நாம் கூறுவதன் மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். அது கருணையால் தானே வந்ததன்று. பழியை நினைவூட்டிக் கேட்டதால் வந்தது.

இனி 1977ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் ஒரு புயல் நாகப்பட்டினத்தையொட்டிக் கரையேறித் தஞ்சை, திருச்சி மாவட்டங்களைச் சிதைத்தது. தமிழ்நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆந்திரத்தைத் தாக்கிய புயல் அதற்குச் சரியாக ஒரு கிழமைக்குப் பின் வந்தது. ஆதலின் வங்கக் கடலின் அவ்வாண்டுச் சீற்றத்தை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை என்று கூற இயலாது. விசாகப்பட்டினத்தில் புயல் எச்சரிக்கை மையம் 1974 முதல் இயங்கிவந்தது. புயல் பற்றிய அறிவிப்புகளும் வெளிவந்தன. ஆயினும், கிருஷ்ணா ஆறு இரு கிளையாகப் பிரிந்து சூழ்ந்த தீவாகிய திவிசீமையின் உழவரும் மீனவரும் ஓலைக்குடிசைகளிலேயே இருந்தனர். ஏறத்தாழ 5 மீட்டர் உயரமாக எழுந்த கடல் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தபோது ஏறி நிற்க மேட்டுநிலமோ உறுதியான கட்டடமோ பெரும்பாலோர்க்கு இல்லை.

இங்கு எச்சரிக்கையின் மொழியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகள் கப்பலோட்டிகளுக்கானவை. அவற்றின் எண்களைக் குடிசைவாசி படித்தறிவான் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது. கடல் பொங்கி நிலத்துள் புகுவதற்குத் தெலுங்கில் உப்பென என்ற நாட்டுச்சொல் உண்டு. கரையோரத்தில் அதைக் கேட்டு விளங்காதவர் இல்லை. அக்கால ஆங்கிலச் செய்திகளோ இதனை டைடல் வேவ் என்றே எழுதின. ஓதத்தினால் எழும் அலை என்று பொருள்படும் அத்தொடர், புயற்காற்று தள்ளிக்கொண்டு வரும் நீரைச் சரியாகக் குறிப்பதன்று. அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், புயலுக்கும் கடல் எழுச்சிக்கும் உள்ள தொடர்பு மறைந்து, கடல் தானாகவே பொங்கியதாகப் பொருள் பிறக்கும்.

புயலுக்குப் பிந்திய நாள்களே குற்றச்சாட்டிற்குப் பெரிதும் இடமளித்தன. சாலைகளும் தொலைபேசிக் கம்பிகளும் அறுந்த தீவில் பிணங்களும் கால்நடைச் சடலங்களும் நாள்கணக்கில் கிடந்தன. மாநிலத்தில் ஜே. வெங்கல ராவ் தலைமையில் காங்கிரஸ் ஆட்சி. மத்தியில் அவ்வாண்டு மார்ச்சில் அமைந்த மொரார்ஜி தேசாயின் ஜனதா ஆட்சி. இரு வேறு கட்சியினர் இரு மட்டத்திலும் இருந்தமையால் பொறுப்பு இங்குமங்கும் தள்ளப்படுதல் எளிதாயிற்று. பேரிடர் மேலாண்மை என்ற பொருள் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் ஆகிய மூன்றனுள் எதிலும் பெயர் சுட்டி இடம்பெறவில்லை என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். சட்டத்தில் பெயரில்லாத கடமையை எவரும் தம்முடையதன்று எனலாம்.

ஒருவர் அப்படிச் சொல்லவில்லை. மாநில அமைச்சராக இருந்தவரும் அவனிகட்டாப் பகுதியைச் சேர்ந்தவருமான மண்டலி வெங்கட கிருஷ்ணாராவ், பதவியைத் துறந்து நிவாரணப் பணியில் இறங்கினார். திவிசீமை காந்தி என்று மக்கள் அவரை அழைத்தனர். 1975இல் ஐதராபாத்தில் முதல் உலகத் தெலுங்கு மாநாட்டை முன்னின்று நடத்திய மொழித்தொண்டர் என்ற வகையில் இவ்விதழின் வாசகர் சிலர்க்கு அவர் அறிமுகமானவராகவே இருப்பார். பதவி விலகுதல் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியாகவும் ஆகக்கூடும். ஆனால் இவர் விலகியபின் சென்ற இடம் சேறும் சடலமும் கிடந்த தீவு.

1978 பிப்ரவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் வெங்கல ராவின் காங்கிரஸ் மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது; இந்திரா காந்தியின் பக்கம் நின்ற மர்ரி சென்னா ரெட்டி முதலமைச்சரானார். இத்தோல்வியைப் புயலின் தீர்ப்பாகவே கொள்வோர் உளர். சனவரியில் கட்சி பிளவுபட்டதும், ஆந்திரத்தில் இந்திரா காந்திக்கு இருந்த செல்வாக்கும் காரணங்களாதலின் அவ்வாறு அறுதியிடுதல் மிகை. இதற்கு மாறாக, 1970 நவம்பர் 12 அன்று கிழக்குப் பாக்கித்தானைத் தாக்கிய போலா புயலின் தீர்ப்பு ஐயத்திற்கு இடமற்றது. மூன்று இலட்சத்திற்குக் குறையாதோர் மாண்ட அப்புயலுக்குப் பின், சீனப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் குடியரசுத் தலைவர் யாஹ்யா கான் அழிவை விமானத்திலிருந்து பார்வையிட்டுச் சென்றார். டிசம்பர்த் தேர்தலில் கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளுள் 160ஐ அவாமி லீக் வென்றது. மறு ஆண்டு வங்காளதேசம் பிறந்தது. அவாமி லீகின் தன்னாட்சிக் கோரிக்கை புயலுக்கு முன்பே வேரூன்றியிருந்தது உண்மையே. ஆயினும், தொலைவிலுள்ள ஆட்சி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அம்மக்கள் சொற்களால் பெறாத சான்றைப் புயல் தந்தது.

வானிலிருந்து பார்வையிடுதல் என்பது அதன்பின் ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டது. 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ் விமானச் சாளரத்தின் வழியே நியூ ஆர்லியன்சைப் பார்க்கும் படம் அவருக்கு நீங்காப் பழியாயிற்று. அந்நாட்டு நெருக்கடிகால மேலாண்மை முகமையின் தலைவர் அவ்வாண்டு செப்டம்பரில் பதவி விலகினார். நம் செய்தித்தாள்களிலோ 'ஹெலிகாப்டரில் பறந்து பார்வையிட்டார்' என்பது இன்னும் பாராட்டுத் தொனியிலேயே வருகிறது.

ஆந்திரத்திலேயே திருத்தமும் நிகழ்ந்தது. 1990 மே 9 அன்று 1977ஐ ஒத்த வலிமையுடைய புயல் மசூலிப்பட்டினத்தையொட்டித் தாக்கியபோது மாண்டோர் ஆயிரத்திற்குட்பட்டோரே. அப்போதும் முதலமைச்சர் சென்னா ரெட்டி. இடைப்பட்ட ஆண்டுகளில் கடற்கரையில் புயற்பாதுகாப்புக் கட்டடங்கள் எழுந்தன. மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தும் முறை உருவாயிற்று. இன்சாட் செயற்கைக்கோள் வழியே கரையோர ஊர்களுக்கு வட்டார மொழியிலேயே எச்சரிக்கையைப் பேசி அறிவிக்கும் கருவிகள் எண்பதுகளில் நிறுவப்பட்டன. காற்றும் கடலும் ஏறத்தாழ அதே வலிமையுடன் வர, இறப்பு பத்தில் ஒன்றானது. எஞ்சிய ஒன்பது பங்கில் பெரும்பகுதியை 1977இன் இராசிகக் கணக்கில் எழுதுவதே நேர்மை.

ஆனால் அக்கணக்கை எழுதும் சொல் அதற்குள் வழக்கொழிந்துவிட்டது. இயற்கைச் சீற்றம், இயற்கைப் பேரிடர் என்பன அதன் இடத்திற்கு வந்தன. தெய்விகம் என்ற சொல் இராசிகம் என்ற இணையைத் தன்னுடன் இழுத்து வரும். 'இயற்கைப் பேரிடர்' தனித்தே வருகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இக்குறையை ஓரளவு போக்கியது. அதன் 2ஆம் பிரிவின் வரையறை, இயற்கையால் விளைவது, மனிதரால் விளைவது என்பவற்றோடு விபத்தாலும் நெக்லிஜென்சாலும் விளைவதையும் பேரிடராகவே கொள்கிறது. இக்கடைசிச் சொல்லைத் தமிழில் 'கவனக்குறைவு' என எழுதினால் கைதவறிய செயல் போலாகிவிடும். செய்ய வேண்டியதைச் செய்யாமை என்ற பொருள் தோன்றக் 'கடமை வழு' என்பதே தக்கது. இச்சட்டத்தின்படி தேசிய ஆணையத்தின் தலைவர் பிரதமர். மாநில ஆணையத்தின் தலைவர் முதலமைச்சர். 56ஆம் பிரிவு கடமையைச் செய்ய மறுக்கும் அலுவலருக்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. 73ஆம் பிரிவு நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டவற்றுக்குக் காப்பளிக்கிறது. காலந்தாழ்த்திய தலைவருக்கெனத் தனிப்பிரிவு எதுவும் இல்லை. அர்த்தசாத்திரத்தின் 12 பணமும் குடிமகனுக்கு விதித்ததே என்பதை இங்கு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இவ்வெற்றிடத்தைத் தமிழ் இதழ்களில் 'தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும்' என்ற தொடர் நிரப்ப முயல்கிறது. 2018இல் கஜா புயலின்போதும் 2023 டிசம்பரில் சென்னையும் தென்மாவட்டங்களும் மூழ்கியபோதும் இக்கோரிக்கை எழுந்தது. அவ்வாறு அறிவிக்கும் நடைமுறையே இல்லை என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அம்மாதம் 22ஆம் நாள் விடையிறுத்தார். சட்டப்படி அவர் கூற்று சரியே. ஆனால் கோருவோர் அத்தொடரால் உண்மையில் கேட்பது ஓர் அறிவிப்பை அன்று. இப்பழியில் உமக்கும் பங்குண்டு என்று மத்திய அரசு ஒப்புக்கொள்வதையே.

மீண்டும் செய்யேற்றிற்குச் செல்வோம். 2021 நவம்பர் 20ஆம் நாள் முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி வெள்ளப்பகுதிகளை வான்வழியே பார்வையிட்டார். நேரில் ஊர்களுக்குச் சென்றது டிசம்பர்த் தொடக்கத்தில். அதே டிசம்பரில் மாநிலங்களவையில் மத்திய நீர்வளத்துறை அமைச்சர் கஜேந்திர சிங் செகாவத், அன்னமய்யா அணையின் ஐந்து மதகுகளுள் ஒன்று செயற்படவில்லை என்று மாநில அரசின் மீது குற்றம் சுமத்தினார். அணையின் கொள்திறனை மீறிய வெள்ளமே காரணம் என்றது மாநில அரசு.

இவ்வழக்கை ஒரு தமிழ்த்தொடரில் எழுதிப் பார்க்கலாம். 'மதகு திறக்கவில்லை' என்பது இருபொருள்படும். திற என்னும் வினை தன்வினையாகவும் செயப்படுபொருள் குன்றா வினையாகவும் வரும் என்று பொதுப்படக் கூறுவதினும், அஃறிணைச் செயப்படுபொருளில் ஐயுருபு தொக்கு நிற்பதால் இங்கு மதகு எழுவாயா செயப்படுபொருளா என்பது விளங்கவில்லை என்று கூறுதல் தெளிவு. மதகு தானே திறவாது நின்றதா, திறக்க வேண்டியவர் திறவாது விட்டனரா? உடை என்னும் வினையில் இக்குழப்பம் இல்லை. அணை உடைந்தது, அணையை உடைத்தது என்று வடிவமே வேறுபடுகிறது. தெலுங்கிலோ திறத்தலிலும் வேறுபாடு உண்டு. கேட்டு தெருசுகோலேது என்றால் மதகு திறந்துகொள்ளவில்லை. கேட்டு தெரவலேது என்றால் திறப்பவர் திறக்கவில்லை. சித்தூர்ப் பகுதியில் இருமொழியும் பேசுவோர் தெலுங்கில் பேசும்போது இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தமிழுக்கு மாறினால் தேர்வைத் தள்ளிப்போடலாம்.

தெலுங்குச் செய்தியைத் தமிழாக்குவோர் இவ்விரண்டனையும் 'திறக்கவில்லை' என்றே எழுதிச் செல்லக் காண்கிறோம். 'திறக்க இயலவில்லை' என்று எழுதுவோரும் உளர். அது மூன்றாவது ஒரு பொருளைத் தருகிறது: திறக்க முயன்றனர், முடியவில்லை. முயன்றதற்குச் சான்று மூலத்தில் இல்லாதபோது இயலாமையை மொழிபெயர்ப்பாளர் வருவித்தல் ஆகாது. 'மதகு திறந்துகொள்ளவில்லை', 'மதகைத் திறக்கவில்லை' என்று ஐயுருபையும் துணைவினையையும் இட்டு எழுதினால் தமிழிலும் வேறுபாடு நிற்கும். இரண்டனுள் எது பொருந்தும் என்பதை முடிவு செய்ய அகராதி உதவாது. அம்மதகு எந்நாள் முதல் பழுதுற்றிருந்தது, அதைச் செப்பனிடும் கோப்பு எந்த மேசையில் கிடந்தது என்பதை அறிந்தாக வேண்டும்.