தார்நாகாவில் தீர்ந்த ஒரு புதிர்

செகந்தராபாத்திலிருந்து உப்பல் செல்லும் சாலையில் தார்நாகாவைத் தாண்டிச் சென்ற தமிழ் நேயர்கள் பலர் இருப்பர். ஹப்சிகுடா வரும் முன்னர் அச்சாலையோரத்தில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் அமைந்துள்ளது. அன்றைய மண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் உயிர்வேதியியல் பிரிவைக் கருவாகக் கொண்டு, புஷ்ப மித்ர பார்கவாவின் தலைமையில் 1977இல் தோன்றியது அது. நெடுநாளாக விஞ்ஞானிகளை மயக்கி வந்த புதிர் ஒன்று அங்கே தீர்ந்த வரலாற்றையே இன்று நாம் கூற விழைகிறோம்.

புதிருக்கு உரியது நம் குடலிலேயே குடியிருக்கும் எஷரிகியா கோலி என்னும் நுண்ணுயிர். 1885இல் மியூனிக் நகர மருத்துவர் தியோடர் எஷரிக், குழந்தைகளின் மலத்தில் இதனைக் கண்டு விவரித்தார். ஆராய்ச்சிக் கூடங்களில் பெரிதும் பயில்வது கே-12 என்னும் வகை. 1922இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டில் நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டதாயினும், அது நோய் விளைப்பதன்று. நல்ல உணவும் 37 டிகிரி வெப்பமும் கிடைத்தால் 20 நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும். இவ்வாறே பெருகினால், ஒன்றே ஒன்று 10 மணி நேரத்தில் 100 கோடியைக் கடந்துவிடும். மாலையில் விதைத்தவன் மறுநாட் காலையில் அறுவடை காண்கிறான்.

இதனை வளர்ப்பது எளிது. வேறொன்றும் கலவாமல் வளர்ப்பதே அரிது. செரித்த புரதம், ஈஸ்ட் சாறு, உப்பு ஆகியவற்றை நீரில் கரைத்து, 121 டிகிரி நீராவியில் அழுத்தத்துடன் வேகவைக்கிறார்கள். கம்பி வளையத்தைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டுப் பின்னரே நுண்ணுயிரைத் தொடுகிறார்கள். வேலை முடிந்தபின் வளர்ந்ததனைத்தையும் அதே நீராவியில் கொன்றுவிட்டே வெளியே கொட்டுகிறார்கள். தட்டில் உறைந்து நிற்கும் கூழுக்கு அகர் என்று பெயர். முன்பு பயன்பட்ட ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிவிடும். ராபர்ட் கோக்கின் கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி பானி, சமையலில் தாம் கையாண்ட அகரை 1881இல் எடுத்துக் கூறினார். அடுக்களை அறிவு விஞ்ஞானத்துக்கு இவ்வளவு உதவிய வேறு நிகழ்ச்சி நமக்கு நினைவில்லை. அகர் தரும் கடற்பாசியை மண்டபம், இராமேசுவரம் கடற்கரைகளில் நம் பெண்கள் மூழ்கி எடுத்து வருகின்றனர் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம்.

இனிப் புதிருக்கு வருவோம். இந்நுண்ணுயிரைச் சூழ்ந்து வலைப்பை போன்றதொரு சுவர் உண்டு. சர்க்கரை இழைகளைச் சிறு புரதத் தையல்கள் குறுக்கே பிணைத்திருக்கின்றன. பை முழுவதும் ஒரே மூலக்கூறு என்பதை வைடல், பெல்ட்சர் இருவரும் 1964இல் எடுத்துரைத்தனர். அப்பை கிழிந்தால் உள்ளழுத்தத்தால் உயிரணு வெடித்துவிடும். கிழியாத பை 20 நிமிஷத்தில் இருமடங்காவது எவ்வாறு? புதிய இழை புகவேண்டுமாயின் பழைய தையல் பிரியவேண்டும். பிரிக்கும் கத்தரி எது?

இது வெறும் ஆர்வத்தால் எழுந்த வினா அன்று. பெனிசிலின் தைக்கும் கையைத் தடுத்துவிடுகிறது. அறுக்கும் கைகளோ ஓயாமல் அறுக்கின்றன. வளரும் நுண்ணுயிர் வெடித்து மடிகிறது. வளராமல் உறங்கிக்கிடப்பதை அம்மருந்து அவ்வளவாகத் தீண்டுவதில்லை. இன்றோ பல நுண்ணுயிர்கள் இத்தகைய மருந்துகளை எதிர்த்து நிற்கக் கற்றுவிட்டன. ஆதலின் அறுக்கும் கையையும் அறியவேண்டியதாயிற்று.

தார்நாகாவில் மஞ்சுளா ரெட்டி அம்மையாரும் அவருடைய குழுவினரும் அதனை 2012இல் வெளியிட்டனர். கத்தரி ஒன்றல்ல, மூன்று: மெப்எஸ், மெப்எம், மெப்எச் என்னும் நொதிகள். ஒன்றை நீக்கினால் மற்றவை அதன் வேலையை ஏற்றுக்கொள்ளும். இத்தனை காலம் அவை பிடிபடாமல் இருந்ததற்கு இதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம். மூன்றையும் இழந்த உயிரணுவில் புதிய இழை புகவில்லை. அது விரைவில் சிதைந்து மாண்டது. தையலைப் பிரிப்பவை இல்லாமற்போனதே அதன் சாவுக்குக் காரணமாயிற்று என்பது வியப்பன்றோ!

மெப்எஸ் அளவுமீறித் தங்காதபடி அதனைச் சிதைக்கும் வேறொரு நொதியையும், அதற்குத் துணைநிற்கும் புரதத்தையும் 2015இல் அதே குழு கண்டறிந்தது. அம்மையாருக்கு 2019ஆம் ஆண்டின் இன்போசிஸ் பரிசு கிடைத்தது. இக்கத்தரிகளை முடக்கும் மருந்து ஏதும் இன்னும் நோயாளியின் படுக்கையை எட்டவில்லை.