ஔவையார் என்னும் பெயருடையோர்

சங்கத் தொகைநூல்களைப் பயில்வோர் பாட்டின் சுவையில் ஈடுபட்டு, அதன் அடியில் அச்சிடப்பட்டிருக்கும் புலவர் பெயரைப் பெரும்பாலும் கவனியாமலே அடுத்த செய்யுளுக்குப் போய்விடுகின்றனர். அப்பெயர்களை மட்டும் தனியே எடுத்து வரிசையாகப் படித்துப் பார்ப்பவருக்கு, அவற்றைத் தொகுத்த பெரியோர் எவ்வளவு ஜாக்கிரதையோடு தம் காரியத்தைச் செய்தனர் என்பது விளங்கும். சாத்தன் என்னும் பெயரையே பாருங்கள். இலக்கண உரையாசிரியர்கள் உதாரணம் காட்ட ஓர் ஆள் வேண்டியபோதெல்லாம் சாத்தனையும் கொற்றனையுமே அழைத்தார்கள் என்பதிலிருந்து அஃது எவ்வளவு சாதாரணமாக வழங்கிய பெயர் என்பது தெரியும். அப்பெயருடைய புலவர்கள் ஒருவரோடொருவர் மயங்கிவிடாதபடி, ஆலம்பேரி சாத்தனார் என்றும், தொண்டி ஆமூர்ச் சாத்தனார் என்றும், ஆடுதுறை மாசாத்தனார் என்றும் ஊரைச் சேர்த்தும், போதாத இடத்தில் ஊரோடு தொழிலையும் கூட்டி மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்று நீட்டியும் அவர்கள் எழுதி வைத்தார்கள். பெயரே தெரியாத புலவரையும் அவர்கள் கைவிடவில்லை. அவருடைய பாட்டில் ஒளிரும் ஒரு தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அழைத்து, இன்னார் வேறு இன்னார் வேறு என்று நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

அரசர் விஷயத்தில் இந்த ஜாக்கிரதை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பாண்டிய வமிசத்தில் மாறன், வழுதி, செழியன் என்ற சில பெயர்களே தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வந்தமையால், ஒருவன் உயிர் நீத்த இடத்தையே அவனுக்கு அடையாளமாக்கி, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்று குறித்தார்கள். சோழரிலும் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனும் குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவனும் வெவ்வேறு மனிதர். நெடுஞ்செழியர் இருவரும் கவிபாட வல்லவர்களாயிருந்தது இன்னும் பெரிய ஆபத்து. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் புறநானூற்றின் 183-ஆம் பாட்டில், பெற்ற தாயின் அன்புகூடக் கற்ற மகன்பால் வேறுபடும் என்று கல்வியின் மேன்மையை நிதானமாக எடுத்துரைக்கிறான். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனோ 72-ஆம் பாட்டில், தன்னை இளையன் என்று இகழ்ந்த பகைவரைச் சிதைக்காவிடில் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர் தன் நாட்டைப் பாடாது ஒழிக என்று வஞ்சினம் கூறிக் கொதிக்கிறான். அடைமொழிகள் மட்டும் இல்லாதிருந்தால் இந்த ஆசிரியனும் அந்த வீரனும் ஒரே ஆசாமி ஆகியிருப்பார்கள். அவன் இளமையில் போர் புரிந்து முதுமையில் கல்வியை நாடினான் என்று ஓர் அழகான ஜீவிய சரித்திரத்தையும் யாரேனும் எழுதி முடித்திருப்பார்கள்.

இவ்வளவு கவனமாகத் தொகுத்தவர்கள் சிலருக்கு மட்டும் அடைமொழி எதுவும் தரவில்லை. கபிலர், பரணர், ஔவையார் என்றால் போதும், இன்னாரென்று தமிழ்நாடு முழுவதும் அறியும் என்று அவர்கள் எண்ணினார்கள் போலும். கபிலர் என்ற பெயருடைய வேறொரு புலவர் தொகையில் வந்தபோதும், அவருக்கே ‘தொல்’ என்னும் அடையைச் சேர்த்துத் தொல்கபிலர் என்று விலக்கினார்களேயன்றி, பாரியின் நண்பருக்கு எந்த அடையும் வேண்டியதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்துக்கு அது நியாயமான எண்ணமே. ஆனால் பிற்காலத்தில் நேர்ந்தது நேர் விரோதமானது. இரண்டொரு பாட்டே பாடிய புலவர்கள் தம் நீண்ட பெயரின் காவலில் இன்றளவும் பத்திரமாக இருக்கிறார்கள். பெரும் புகழ் படைத்தவர்களோ, தமக்குப் பின்னே அதே பெயருடன் வந்தவர்களையெல்லாம் தம்முள் இழுத்துக்கொண்டு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறார்கள் என்றே தெரியாதபடி பெருத்துப் போனார்கள்.

கபிலரை முதலில் எடுத்துக்கொள்ளலாம். குறிஞ்சிப்பாட்டும், ஐங்குறுநூற்றின் மூன்றாம் நூறும், பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தும் பாடியவர் அவர். பறம்புமலைப் பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்று, மணந்துகொள்ளுமாறு வேண்டி, மறுக்கப்பட்டுத் திரும்பிய அந்தணர். பதினெண்கீழ்க்கணக்கில் இன்னா நாற்பது பாடியவர் பெயரும் கபிலரே. பதினோராந் திருமுறையில் மூத்தநாயனார் திருஇரட்டைமணிமாலை முதலிய மூன்று பிரபந்தங்களைப் பாடியவர் கபிலதேவநாயனார். சங்கப் பாடல்களில் விநாயக வழிபாட்டின் சுவடே காணப்படாதிருக்க, இந்த மாலையோ விநாயகரைப் பற்றியது. அந்தாதியாகவும் இரட்டைமணிமாலையாகவும் பிரபந்தம் கட்டும் வழக்கமும் பாரி காலத்துக்குரியதன்று. ஆயினும் நம்பியாண்டார் நம்பிகள், சுந்தரமூர்த்தி நாயனார் ‘பொய்யடிமையில்லாத புலவர்’ என்று போற்றிய அடியார் கூட்டம் கபிலர், பரணர், நக்கீரர் முதலிய சங்கப்புலவர் நாற்பத்தொன்பதின்மரே என்று தம் அந்தாதியில் பாடிவிட்டார். பக்தர் உலகத்தில் அதன்பின் வழக்கு விசாரணைக்கு இடமேது? இவ்வளவும் போதாதென்று கபிலரகவல் என்னும் நூல் தோன்றி, கபிலரையும், ஔவையையும், வள்ளுவரையும், அதிகமானையும் ஆதி பகவன் என்னும் தம்பதிகளின் வயிற்றில் ஒன்றாகப் பிறக்கச் செய்தது. அடைமொழியில்லாத பெரும் பெயர்கள் எல்லாம் ஒரே குடும்பத்தில் வந்து சேர்ந்தன.

நக்கீரர் கதையும் இத்தன்மையதே. மதுரைக் கணக்காயனார் மகனார் என்று தந்தை பெயரால் சுட்டப்பட்டும் அவர் தப்பவில்லை. நெடுநல்வாடை பாடியவர், இறையனார் களவியலுக்கு உரை கண்டவர், பதினோராந் திருமுறையின் நக்கீரதேவநாயனார் மூவரும் பரம்பரை வழக்கில் ஒருவரே. திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டிலும் திருமுறையிலும் ஒருங்கே இடம்பெற்று, இந்த ஐக்கியத்துக்கு ஆதாரப் பத்திரம் போல் நிற்கிறது. களவியலுரையைப் பற்றியமட்டில் ஒரு சமாதானம் உண்டு: நக்கீரர் சொன்ன உரை பத்துத் தலைமுறை செவிவழியாக வந்து முசிறி நீலகண்டனாரை அடைந்தது என்று அவ்வுரையே ஒப்புக்கொள்கிறது, அதில் மேற்கோளாக வரும் கோவைச் செய்யுட்கள் நெல்வேலிப் போரில் வென்ற ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியனைப் புகழ்வதன் காரணமும் அதனால் விளங்கிவிடுகிறது. 1965-இல் வெளிவந்த திருவிளையாடல் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் ருசிக்காது. அவர்களுக்கு நக்கீரர் என்றால் ஏ. பி. நாகராஜன்தான்.

எல்லாரிலும் அதிகமாக இவ்விதம் பெருத்தவர் ஔவையார். சங்கத் தொகைகளில் அவர் பெயரால் 59 பாட்டுக்கள் உள்ளன. அவற்றுள் புறநானூற்றில் மட்டும் 33. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்களத்தில் இருந்தவர் அவர். தகடூர் இன்றைய தர்மபுரி. அந்த அதியமான் வெறும் கவி கற்பனை அல்லன் என்பதற்குத் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிச் சாஸனம் சாட்சி கூறுகிறது. அவன் ஒரு குகை உறைவிடத்தைத் தானம் செய்ததை அது தெரிவிக்கிறது. இந்த ஔவையார் எத்தகைய பெண்மணி? தொண்டைமானிடம் தூது சென்று, அவனுடைய படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி மயிற்பீலி சூட்டி வைத்திருந்த ஆயுதங்களைக் கண்டு, எங்கள் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று புகழ்வது போல் இகழ்ந்துவிட்டு வந்தவர். அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துண்டவர். அவன் மார்பில் வேல் பாய்ந்து இறந்தபோது, அந்த வேல் பாணர் கைப் பாத்திரத்தையும் இரப்போர் கையையும் புலவர் நாவையும் சேர்த்துத் துளைத்தது என்று கதறியவர். குறுந்தொகையில், தன் துயரத்தை அறியாமல் உறங்கும் ஊரைக் கண்டு என்ன செய்வதென்று புரியாமல் தவிக்கும் தலைவியின் நெஞ்சைப் பாடியவரும் அவரே. புறநானூற்றின் 89-ஆம் பாட்டில் மாற்றரசன் ஒருவன் அவரை நோக்கி, மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியுமுடைய விறலியே என்று விளிக்கிறான். நரைத்த தலையும் ஊன்றுகோலும் அந்தப் பாட்டில் எங்குமில்லை.

பள்ளிக்கூடத்து ஔவையார் வேறு. ஆத்திசூடியும், கொன்றைவேந்தனும், மூதுரையும், நல்வழியும் பாடிய அம்மையாரைக் கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் சேர்த்துச் சோழர் காலத்தில் வைத்துக் கதைகள் வழங்குகின்றன. கதைகளை நம்பாவிட்டாலும் நல்வழியின் கடைசிச் செய்யுளை நம்பலாம். திருக்குறளோடு தேவாரம் பாடிய மூவர் தமிழும், திருவாசகமும், திருக்கோவையும், திருமூலர் சொல்லும் ஒரே பொருளுடையன என்று அது கூறுகிறது. அதியமான் காலத்தில் அந்த நூல்களில் ஒன்றும் பிறக்கவில்லை. கருத்திலும் இருவருக்கும் வெகுதூரம். போர்க்களத்தைப் பாடிப் புகழ் பெற்றவர் முன்னவர். போர்த்தொழிலே கூடாதென்று குழந்தைகளுக்கு விதிப்பது ஆத்திசூடி. அரசனுக்காகத் தூது சென்று மற்றோர் அரசனின் அவையில் பேசிய பெண் முன்னவர். பெண்ணின் சொல்லைக் கேளாதே என்று கட்டளையிடுவதும் அதே ஆத்திசூடிதான். அந்த ஒரு கட்டளையைப் பாரதியார் தமது புதிய ஆத்திசூடியில் தலைகீழாக மாற்றிப் பெண்ணை உயர்த்துமாறு கூறியது பலரும் அறிந்ததே. பாரதியார் திருத்தியது பிந்திய ஔவையை என்பதும், முந்திய ஔவையோடு அவருக்கு எவ்விதச் சண்டையும் இருந்திருக்காது என்பதும் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. இவ்விருவரையும் தவிர, யோகநெறியைக் கூறும் ஔவைகுறளும், மூலாதாரத்தையும் குண்டலினியையும் பேசும் விநாயகரகவலும் அதே பெயரால் வழங்குகின்றன. அவற்றின் கர்த்தா ஒருவரா இருவரா என்று அறிஞர் வாதிப்பர். அதியமானோடு கள்ளுண்ட விறலி அல்லர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இத்தனை பேரையும் ஒருவராக்குவதற்கு ஓர் உபாயம் வேண்டியிருந்தது. அதையும் சங்கப் பாட்டே கொடுத்துவிட்டது. நீண்ட ஆயுளைத் தரும் அருமையான நெல்லிக்கனியை, அதன் பெருமையைச் சொல்லாமல், தான் உண்ணாமல், அதியமான் தமக்கு அளித்தான் என்று ஔவையார் 91-ஆம் புறப்பாட்டில் நெகிழ்ந்து வாழ்த்துகிறார். அந்த நன்றியுரையே பிற்காலத்தார் கையில் காலக்கணக்குக்கு விடையாயிற்று. கனியை உண்டவர் பல நூற்றாண்டு வாழ்ந்தார், ஆகவே கம்பரையும் கண்டார் என்று சொல்லிவிட்டார்கள். கன்னிப்பருவத்திலேயே விநாயகரை வேண்டி முதுமைக் கோலம் பெற்றார் என்ற மற்றொரு கதை, இளமை ஔவைக்கும் கிழவி ஔவைக்கும் இருந்த முரண்பாட்டையும் தீர்த்து வைத்தது. ஜெமினி நிறுவனம் 1953-இல் எடுத்த ஔவையார் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அந்தக் கோலத்தில் தோன்றிப் பாடியபின், வேறொரு முகத்தை நினைப்பது தமிழருக்கு அசாத்தியமாகிவிட்டது.

பிறருடைய செயலைக்கூட இப்பெயர் கவர்ந்துகொண்டதுதான் எனக்கு மிகவும் விசித்திரமாகத் தோன்றுகிறது. பாரி மகளிருக்காக அலைந்தவர் கபிலர் என்பதைப் புறநானூறு ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்துச் சாஸனமும், கபிலர் பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டு அங்கே தீப்புகுந்த செய்தியைக் கூறுகிறது. ஆயினும் இன்று ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்: அங்கவை சங்கவை என்னும் அப்பெண்களுக்கு மணம் முடித்து வைத்தவர் ஔவைப்பாட்டி என்பார்கள். அந்தப் பெண்களின் பெயர்கள்கூடப் புறநானூற்றில் இல்லை. இராஜராஜன் காலத்தில் கல்லில் வெட்டப்பட்ட கபிலரைப் பாட்டி கதை வென்றுவிட்டது.

இதை அறியாமை என்று இகழ்வதற்கில்லை. நாஞ்சில் நாட்டில் பெண்கள் செவ்வாய்க்கிழமைகளில் ஆண்கள் கண்ணில் படாமல் கொழுக்கட்டை செய்து ஔவையாருக்குப் படைத்து நோன்பு நோற்கும்போது, எந்த ஔவை என்று கேட்பது அசம்பாவிதம். கொஞ்சம் அரிசி கேட்ட தமக்கு நாஞ்சிற்பொருநன் யானையைக் கொடுத்தான் என்று சங்க ஔவையார் பாடியது அந்த நாட்டைப் பற்றித்தான் என்பது நோற்பவர்களுக்குத் தெரியாவிட்டாலும் குறைவில்லை. பக்திக்கு ஒரு பெயர் போதும். ஆனால் சரித்திரத்துக்குப் போதாது. ஒன்றாக்கியதால் நஷ்டமடைந்தவர் பிந்திய ஔவையார் அல்லர். அவருக்குப் பழமையின் கௌரவம் கிடைத்தது. முந்தியவரோ, தம் காதலும், கள்ளும், தூதும், நையாண்டியும், ஒப்பாரியும் பறிபோய், நீதி போதிக்கும் கிழவியாக நின்றார்.

வையாபுரிப் பிள்ளையவர்கள் 1940-இல் சைவசித்தாந்த மகாசமாஜத்தின் வாயிலாகச் சங்க இலக்கியத்தைப் புலவர் வாரியாக வகுத்து வெளியிட்டதிலிருந்து, அந்த 59 பாட்டையும் ஒரே இடத்தில் படிக்கும் வசதி நமக்கு ஏற்பட்டிருக்கிறது. இனி மயங்குவதற்குச் சாக்கு இல்லை. ஆகவே ஔவையார் நூல்கள் என்ற தலைப்பில் எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் கட்டி விற்கும் பதிப்பாளர்களும், பாடப்புத்தகம் எழுதுவோரும் அதியமானைப் பாடிய ஔவையார் என்றும், ஆத்திசூடி ஔவையார் என்றும் தலைப்பிலேயே பிரித்து அச்சிட வேண்டும். அதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் செலவாகாது.